வாடை எந்தப் பக்கம், மதினி?

மன்னாரில் உதவி கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கந்தோரில், பயனாளிகள் விவரத்தில் ஹவ்வா உம்மாவைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: “கணவனை இழந்தவர். நலிவுற்றவர். பிறரில் தங்கி வாழ்பவர். அமைதியான சுபாவம். இருந்த இடத்தில் இருந்து செய்யக்கூடிய இலகுவான தொழிலுக்கு ஏற்றவர்.”

இந்த ஐந்து வசனங்களில் முதலாவது மட்டும் உண்மை.

எருக்கலம்பிட்டியில் ஹவ்வா உம்மாவின் குரல் கேட்காத வீடு இல்லை. கதவை அடைத்துக்கொண்டால் தெளிவு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நலிவு என்று எதைக் கண்டார்கள் என்பதும் விளங்கவில்லை. விவரம் எடுக்க வந்த தம்பி முற்றத்தில் மோட்டார் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றத் திணறியபோது, ஒரு கையால் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். அந்தத் தம்பி நன்றி சொல்லிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து, “நலிவுற்றவர்” என்று எழுதிக்கொண்டு போனான். அதன் பயனாக ஒரு தையல் இயந்திரம் வந்து சேர்ந்தது. ஹவ்வா உம்மா இயந்திரத்தைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, மேசையை மட்டும் முற்றத்துக்கு எடுத்தார். நல்ல உறுதியான மேசை. கார் எஞ்சினின் ஹெட்டை வைத்துச் சுரண்டுவதற்கு அதைவிடத் தோதான மேசை ஊரில் இல்லை.

கார், ஏ போர்ட்டி ஒஸ்ரின்; அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார். அவருடைய கணவர் அப்துல் றசாக் அதைக் கலியாண ஓட்டத்துக்கு வைத்திருந்தார். வெள்ளைத் தொப்பியும் போட்டு மாப்பிள்ளைமாரை ஏற்றி இறக்கிப் பேரெடுத்தவர். ஓட்டியது அவர், ஓட வைத்தது ஹவ்வா உம்மா. வாப்பாவின் மீன்பிடி லோஞ்சில் எஞ்சினைப் பார்த்து வளர்ந்தவர், தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது ஊரோடு எழும்பிப் போய் புத்தளத்துப் பக்கம் இருந்த காலத்தில், கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களின் தண்ணீர்ப் பம்புகளைத் திருத்திப் பிள்ளை வளர்த்தவர். பேர் தொப்பிக்குத்தான் போனது. ஹவ்வா உம்மா அதைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை என்று சொல்வார். ஒவ்வொரு நாளும் சொல்வார்.

றசாக்கின் கடைசி ஓட்டத்தில், தலைமன்னார் வீதியில், எஞ்சின் கொதித்து நின்றது. எண்ணெய்க்குள் தண்ணீர் கலந்து பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. ஹெட் கெஸ்கெட் போய்விட்டதென்று அர்த்தம். எஞ்சினின் உடம்புக்கும் ஹெட் என்கிற தலைக்கும் நடுவில் கிடக்கும் செம்புத் தகடு அது. நெருப்பையும் தண்ணீரையும் எண்ணெயையும் ஒன்றோடொன்று பேசவிடாமல் பிரித்து வைப்பது அதன் வேலை. பகைக் குடும்பங்களுக்கு நடுவில் பள்ளிவாசல் நிருவாகம் செய்கிற அதே வேலை. கெஸ்கெட் கொஞ்சம் அதிக காலம் தாங்கும். காரைக் கட்டி இழுத்து, கிட்ட இருந்த தம்பி மஹ்மூதின் கொட்டிலுக்குள் விட்டார் றசாக். திருத்துவதற்கு முன் மௌத்தாகிவிட்டார்.

மஹ்மூது நண்டு வியாபாரி. நாரைகளையும் பூநாரைகளையும் பார்க்கக் கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்காக அண்மையில் ஐந்தறை விடுதியொன்று கட்டினார். பறவை பார்க்க வருகிறவர்கள் முதலில் விடுதியைப் பார்க்கவேண்டும் அல்லவா? அதற்கு வாசலில் ஒரு கண்கவர் பொருள் வேண்டும். காரின் பொனற்றைத் திறந்து, எஞ்சின் கிடக்கும் குழிக்குள் மண் நிரப்பி, போகன்வில்லா நடுவதென்று தீர்மானித்தார். எஞ்சின் பழைய இரும்புக்குப் போகும்.

“அது என்ர புருசன்ர கார்,” என்றார் ஹவ்வா உம்மா.

“ஓடினால்தானே மதினி கார்? ஓடாதது தளபாடம். தளபாடம் காணியோட சேரும். காணி என்ர.” மஹ்மூது யாரையும் ‘நீ’ என்று பேசமாட்டார். ஆளைக் கிணற்றில் தள்ளுவதென்றாலும் ‘விழுங்கோ’ என்றுதான் சொல்லுவார்.

“அப்ப உன்ர உம்மா கால் ஏலாமக் கிடந்தவ. அவவையும் காணியோட சேர்த்தனியா?”

வழக்கு பள்ளி நிருவாகத்துச் சரிபுதீனிடம் போனது. அவர் இரண்டு பக்கத்தையும் கேட்டு, இரண்டு பக்கமும் கோபப்படும்படி ஒரு தீர்ப்புச் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முந்தி, சொந்த எஞ்சினில் ஓடி மஹ்மூதின் கேற்றைத் தாண்டினால் அது கார், ஹவ்வா உம்மாவுக்கு. தாண்டாவிட்டால் தளபாடம், மஹ்மூதுக்கு. தள்ளக்கூடாது, கட்டி இழுக்கக்கூடாது.

மகள் நிஸ்லா, மன்னாரில் வங்கியில் வேலை செய்பவள், அன்று பின்னேரம் உம்மாவிடம் கேட்டாள்.

“அந்தத் துருவை வச்சு என்ன செய்யப் போறீங்க?”

“கலியாணத்துக்கு ஓடப் போறன்.”

“நீங்களா? பொம்பிளை ஓட்டுற கார்ல எந்த மாப்பிள்ளை ஏறுவான்?”

“பயமில்லாதவன் ஏறட்டும். பயந்தவனுக்கு என்னத்துக்குக் கலியாணம்?”

“நான் உழைக்கிறன்தானே உம்மா. சும்மா இருங்களன்.”

நிஸ்லா அன்பாகச் சொன்ன சொல் அது. அதனால்தான் அது மற்ற எல்லாவற்றையும் விடச் சுட்டது. அந்த விவரத்தில் இருந்த “பிறரில் தங்கி வாழ்பவர்” என்ற வசனத்தைக் கந்தோர்காரனின் முட்டாள்தனம் என்று ஹவ்வா உம்மாவால் சிரித்துத் தள்ள முடியாமல் இருந்ததற்குக் காரணம், அது பொய்யாகக் கிடந்து மெல்ல மெல்ல மெய்யாகிக்கொண்டு வந்ததுதான். சோறு மகளின் சம்பளத்தில். கூரை மகளின் கடனில். கார் பூச்சாடியாகிவிட்டால் அந்த விவரம் முழுவதும் சரியாகிவிடும். கந்தோர் ஒன்று எழுதியதைத் தன் வாழ்க்கையால் நிரூபித்துக் காட்டும் எண்ணம் அவருக்கு இல்லை.

அடுத்த நாளே கொட்டிலுக்குள் புகுந்தார்.

அவர் எஞ்சினோடு பழகும் முறையில் ஒரு விசேஷம் உண்டு. முன், பின், இடம், வலம் என்ற சொற்கள் அவரிடம் இல்லை. வாப்பாவின் லோஞ்சு எப்போதும் தெற்குக் கரையில், தலை நிலத்தைப் பார்த்தபடிதான் ஏறிக் கிடக்கும். கற்பிட்டிப் பம்புகள் சீமெந்துத் தளத்தில் நட்டுப் போட்டு இறுக்கினவை. அவர் தொட்ட எந்த எஞ்சினும் பக்கம் மாறியதில்லை. ஆகவே எஞ்சினுக்கும் காற்றுகளின் பேர்தான்: வடக்கு வாடை, தெற்கு சோழகம், கிழக்கு கொண்டல், மேற்கு கச்சான். ஒஸ்ரினையும் றசாக் வீட்டில் எப்போதும் சோழகத்தைப் பார்த்தே நிறுத்துவார்; கொட்டிலுக்குள்ளும் அது அப்படியே நின்றதால் அவருடைய கொள்கைக்குப் பழுது வரவில்லை.

“கச்சான் பக்கத்து நட்டைப் பிடி,” என்பார். நிஸ்லா விழிப்பாள்.

“வலப்பக்கம் எண்டு சொன்னா வாய் நோகுமா?”

“யாருக்கு வலம்? நீ அந்தப் பக்கம் நிண்டா உனக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு. முன் பின் எண்டு சொல்றது மனுசன். வாடை எண்டு சொல்றது அல்லாஹ். அது மாறாது.”

மதிலுக்கு அப்பால் மஹ்மூதும் அவருடைய சிநேகிதரும் இதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். விடுதிக்குக் கிடைக்கப்போகும் பூச்சாடி, கிடைக்கும் முன்பே விருந்தினரை மகிழ்வித்தது.

தாயும் மகளும் ஹெட்டைக் கழற்றித் தூக்கி, கொட்டிலடிக்குக் கொண்டுவந்திருந்த தையல் மேசையில் வைத்தார்கள். மகள் லீவு போட்டு வந்திருந்தாள். அதை ஒவ்வொரு நட்டுக்கும் ஒருமுறை நினைவூட்டினாள். ஹவ்வா உம்மா கரியைச் சுரண்டி, ஹெட்டின் முகத்தில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து மேடுபள்ளம் பார்த்தார். பழைய கெஸ்கெட்டை மாதிரிக்குக் கொடுத்து, கொழும்பில் பஞ்சிகாவத்தையில் ஒருவரிடம் புதிது வெட்டுவித்திருந்தார்கள். கடைகளில் வருகிற கெஸ்கெட்டில் எது மேல், எது முன் என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கும். கையால் வெட்டியதில் அப்படி ஒன்றும் இல்லை. கையில் இருந்த கெஸ்கெட்டும் ஒன்றே ஒன்று. செம்புக் கெஸ்கெட்டை ஒருமுறை இறுக்கினால் அது நசிந்து அந்த எஞ்சினின் வடிவத்துக்குப் போய்விடும். பிழையாக வைத்து இறுக்கினால் கழற்றித் திரும்ப வைக்க ஏலாது, எறியத்தான் வேண்டும்.

வியாழன் பின்னேரம் அதை வெறும் எஞ்சின் மேல் வைத்துப் பார்த்தார். எந்தப் பக்கம் வைத்தாலும் அது நட்டு ஏறும் கம்பிகளுக்குள் இறங்கியது. ஆனால் ஒரு பக்கம் வைத்தால் தண்ணீர் ஏறுகிற சிறு துளையொன்று மூடுபட்டது. மற்றப் பக்கம் வைத்தால் திறந்து நின்றது. துளை திறந்து நிற்கும்படி வைத்து, அப்போது வடக்கே இருந்த கெஸ்கெட்டின் ஓரத்தில் ஆணியால் ‘வாடை’ என்று கீறினார். பிறகு சோழகம் மண்ணை அள்ளி எறியத் தொடங்கியது. கெஸ்கெட்டின் முகத்தில் ஒரு மணல் இருந்தாலும் வேலை பாழ். எஞ்சினை ஈரச் சேலையால் மூடிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளி காலையில் வந்து பார்த்தபோது கார் கொட்டிலுக்குள் இல்லை. முற்றத்தில், கேற்றைப் பார்த்தபடி நின்றது. சேலை மட்டும் கவனமாகக் கட்டியபடி இருந்தது. பக்கத்தில் மூன்று மூட்டை செம்மண்ணும் போகன்வில்லாக் கன்றும்.

ஹவ்வா உம்மா சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. அமைதியான சுபாவம் என்ற வசனத்துக்கு அவை பொருந்தாது.

மஹ்மூது வாயில் பல்துலக்கியோடு வந்தார். “ஏன் மதினி கத்துறீங்க? கொட்டிலின்ர சோழகப் பக்கத்துச் சுவர் முழுக்க ஓட்டை. மண் முழுக்க உங்கட எஞ்சினுக்குள்ளதான் போகுது. ஆள் பிடிச்சுத் திருப்பி விட்டன். உதவிதானே?”

“உன்ர உதவி எனக்குத் தெரியும். பூச்சாடி றோட்டைப் பார்க்க நிக்கவேணும் எண்டு திருப்பினனி.”

“அதுவும்தான்,” என்றார் மஹ்மூது. அவர் பொய்யர் அல்ல; உண்மையைப் பிந்திச் சொல்பவர்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மஹ்மூதின் சிநேகிதர்கள் பிளாஸ்டிக் கதிரைகளைக் கொண்டுவந்து போட்டுத் தேத்தண்ணியோடு உட்கார்ந்தார்கள். தெற்கே, தென்னைகளுக்கு மேலால், காற்றாலைகளின் நீண்ட கைகள் சோழகத்துக்கு முகம் கொடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தன. ஹவ்வா உம்மா கெஸ்கெட்டின் இரண்டு முகத்திலும் கிறீஸ் தடவினார். துளைகள் எல்லாம் கிறீஸுக்குள் மறைந்தன. அதனால் என்ன? நேற்றே பார்த்துக் குறித்தாயிற்று. ‘வாடை’ என்ற எழுத்தைத் தேடிப் பிடித்தார். வாடைப் பக்கம் எது என்று அவர் யோசிக்கவில்லை; யோசிக்க வேண்டிய தேவை அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. எழுத்தை வடக்கே, கேற்றுப் பக்கம் பிடித்து, கெஸ்கெட்டை இறக்கினார். அதற்கு மேல் தாயும் மகளும் ஹெட்டைத் தூக்கி வைத்தார்கள். நட்டுகளைக் கையால் ஓட்டினார்கள். இனி இறுக்க வேண்டியதுதான்.

“நடுவால தொடங்கி வெளியால போகவேணும்,” என்றார் நிஸ்லாவிடம். “ஒரேயடியா இறுக்கினா ஒரு பக்கம் தூக்கும். கொண்டல் பக்கத்து நடு நட்டுக்கு ஸ்பானரைப் போடு.”

இந்த இடத்தில் மஹ்மூது வாயை மூடிக்கொண்டு இன்னொரு மிடறு தேத்தண்ணி குடித்திருந்தால், கார் இன்று பூத்துக் குலுங்கும். கெஸ்கெட்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. எஞ்சின் என்பது அவருக்கு மண் நிரப்ப வேண்டிய ஓர் இடம். ஆனால் சுற்றிவர ஆட்கள் இருக்க, ஒரு பகிடி தொண்டையில் நிற்க, அதை விழுங்குகிற ஆள் அவர் அல்ல.

“மதினி,” என்றார். “கார் இப்ப மற்றப் பக்கம் பார்த்தெல்லோ நிக்குது. அல்லாஹ்ட வாடை இப்ப எந்தப் பக்கம், மதினி? கார் திரும்பினா வாடையும் திரும்புமா?”

கதிரைகள் சிரித்தன. ஒருவருக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

ஹவ்வா உம்மா பதில் சொல்லவில்லை.

ஊர் அதைத்தான் இன்றைக்கும் பேசுகிறது. பதில் சொல்லாத ஹவ்வா உம்மாவை யாரும் அதற்கு முன் கண்டதில்லை. அவர் காற்றாலைகளைப் பார்த்தார். காரின் மூக்கைப் பார்த்தார். கொட்டிலைப் பார்த்தார். பிறகு நிஸ்லாவின் கையிலிருந்து ஸ்பானரை வாங்கினார்.

“கழட்டு.”

“என்னத்தை?”

“எல்லாத்தையும். ஹெட்டைத் தூக்கு.”

“உம்மா, இப்பதானே வச்சம்! பாங்கு சொல்லப் போறாங்க!”

“தூக்கெண்டா தூக்கு. வாய் தூக்காது, கை தூக்கும்.”

ஹெட் மேலே வந்தது. ஹவ்வா உம்மா குனிந்து, விரலால் கிறீஸை வழித்துப் பார்த்தார். தண்ணீர்த் துளை இருந்த இடத்தில் செம்பு இருந்தது. பொத்தலே இல்லை. அப்படியே இறுக்கி ஓடியிருந்தால் கேற்றடி வரைக்கும் போயிருக்கலாம்; தாண்டுமுன் கொதித்து நின்றிருக்கும், றசாக்கின் கடைசி ஓட்டம் மாதிரித்தான்.

நிஸ்லாவும் பார்த்தாள். வலப்பக்கம், இடப்பக்கம் என்று ஒரு சொல் சொல்லத்தான் அவளுக்கு ஆசை. உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த ஆசையை விட்டுவிட்டாள்.

கெஸ்கெட்டை எடுத்துச் சேலையின் சுத்தமான முனையால் துடைத்து, திரும்பக் கிறீஸ் பூசி, கார் திரும்பி நின்ற கணக்குக்கு ‘வாடை’ என்ற எழுத்தைத் தெற்கே சோழகத்துக்கு நேராகப் பிடித்து இறக்கினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மஹ்மூது மட்டும், தான் ஏதோ கொடுத்துவிட்டோம், என்னவென்றுதான் தெரியவில்லை என்ற முகத்தோடு இருந்தார்.

அதன் பிறகு ஹவ்வா உம்மா நட்டு இறுக்கியதைக் கண்டவர்கள், அது வேறு ஒரு மனுசி என்கிறார்கள். நடுவில் ஒன்று, அதற்கு எதிரே ஒன்று, பிறகு இந்தப் புறம், பிறகு அந்தப் புறம். முதல் சுற்று மெல்ல. அடுத்த சுற்று கொஞ்சம் கூட. கோபத்தில் இறுக்கினால் கம்பியின் புரி போய்விடும் என்பதால், உலகத்தில் பகையாளி என்று ஒருவருமே இல்லாதவர் போல இறுக்கினார். மஹ்மூதின் முற்றத்தில், மஹ்மூதின் கண்ணுக்கு முன்னால், எல்லா நட்டும் முடியும் வரை அந்தச் சமாதானம் நீடித்தது. கடைசி நட்டிலிருந்து ஸ்பானரை எடுத்ததும் அது முடிந்தது.

“உன்ர போகன்வில்லாவுக்குத் தண்ணி ஊத்து. வாடப் போகுது,” என்றார் மஹ்மூதைப் பார்த்து.

மற்றவற்றைப் பூட்டி, ரேடியேற்றருக்குத் தண்ணீர் விட்டு, புது எண்ணெய் ஊற்றி, நிஸ்லாவை முன்னால் நிறுத்தி, எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். வங்கி உத்தியோகத்தர் சுற்றினார். எஞ்சின் இருமியது. மறுபடி சுற்றினார். திட்டினார். மூன்றாம் தரம் ஒஸ்ரின் நீலப் புகையை நேரே பிளாஸ்டிக் கதிரைகளின் மேல் விட்டுக்கொண்டு பிடித்துக்கொண்டது. கதிரைகள் எழும்பின.

சரிபுதீன் தொப்பியைச் சரிசெய்தபடி கேற்றடிக்கு வந்திருந்தார். கேற்று பூட்டிக் கிடந்தது.

“திற,” என்றார் ஹவ்வா உம்மா, ஸ்ரேறிங்கில் இருந்தபடி.

“திறப்பு எங்க வச்சனோ தெரியேல்ல, மதினி. கொஞ்சம் பொறுங்கோ,” என்றார் மஹ்மூது.

“அமைதியான சுபாவம் எண்டு கந்தோரில எழுதினவங்கள், நான் எழுதேல்ல. தீர்ப்பில கேற்றைத் தாண்டவேணும் எண்டுதான் கிடக்கு. திறந்து தாண்டவேணும் எண்டு கிடக்கா, சரிபுதீன் காக்கா?”

சரிபுதீன் யோசித்தார். “அப்பிடிச் சொல்லேல்ல,” என்றார். நேர்மையான மனுசன்.

கிளச்சு விடுகிற சத்தம் கேட்டது. திறப்பு மஹ்மூதின் சாரன் மடியில் இருந்தது உடனே ஞாபகத்துக்கு வந்தது.

பாங்கு சொல்லும் முன் கார் கேற்றைத் தாண்டியது. ஒரு விஷயம் பிறகுதான் மஹ்மூதுக்கு உறைத்தது. அந்த ஒஸ்ரினின் பின்கியர் றசாக் இருந்த காலத்திலேயே விழாது. கார் கொட்டிலுக்குள் சோழகத்தைப் பார்த்தபடி நின்றிருந்தால், எஞ்சின் எவ்வளவு ஓடினாலும் வெளியில் வந்திராது. பூச்சாடி றோட்டைப் பார்க்க வேண்டுமென்று ஆள் வைத்துத் திருப்பியவர் அவர்தான். இதை அவருக்குச் சொன்னவர் அவருடைய மனைவி; அதனால் இன்னும் கூடக் கசந்தது.

இப்போது அந்தக் கார் எருக்கலம்பிட்டியிலும் பக்கத்துத் தாராபுரத்திலும் கலியாணத்துக்கு ஓடுகிறது. சில மாப்பிள்ளைகள் ஏறுகிறார்கள். சிலர் வேன் பிடிக்கிறார்கள். மஹ்மூதும் ஹவ்வா உம்மாவும் இன்னும் பேசுவதில்லை, ஏசுவதைத் தவிர. போகன்வில்லா ஓர் எண்ணெய்ப் பீப்பாவுக்குள் நன்றாகப் பிடித்திருக்கிறது. அடுத்த வருடம் கந்தோரிலிருந்து விவரம் புதுப்பிக்க வந்தவர், பழையதையே பார்த்துப் புதிதாக எழுதிக்கொண்டு போனார்.

“மஹ்மூது சாச்சா சொல்லாட்டி அண்டைக்குக் கெஸ்கெட் போயிருக்கும்தானே? ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னா என்ன உம்மா?” என்று நிஸ்லா ஒருமுறை கேட்டாள்.

“அவன் எனக்குச் சொல்லேல்ல. ஊர் சிரிக்கச் சொன்னவன். நானும் ஊருக்குள்ள இருந்தனான், கேட்டுது.”

அன்று ஹவ்வா உம்மா செய்தது இவ்வளவுதான்: பிழையாக வைத்த கெஸ்கெட்டை, பகையாளி சொன்ன பகிடியைக் கேட்டு எடுத்து, திருப்பி வைத்து இறுக்கினார்.